தே ஓ-வும் பால் தேநீரும்: இரத்தத்தை ஒளியால் அளந்த வரலாறு



மலாயாத் தோட்டங்களின் வரலாற்றைப் படிக்கும்போது கொக்கிப்புழு, மலேரியா, இரத்தசோகை ஆகிய மூன்று சொற்கள் அடிக்கடி வரும். "தொழிலாளர்களுக்கு இரத்தம் குறைவாக இருந்தது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நாமும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இரத்தம் குறைவு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தராசில் வைத்து நிறுக்க முடியாதே!

வெளிச்சத்தால்தான் அளந்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் அளக்கிறார்கள். அந்த வெளிச்சத்தை ஏமாற்றக்கூடிய ஒரு பொருளும் நம் இரத்தத்திலேயே இருக்கிறது. அதுதான் கொழுப்பு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. இதில் வரலாறு, இயற்பியல், உயிரியல் மூன்றும் கலந்து வரும். பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கியா பார்மில் ஒரு கிளாஸ் தே ஓ

வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தது 1885இல். பிறகு நாற்பது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்புதான் மேம்பாட்டுத் திட்டம் சூடுபிடித்தது. 1929இல் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை திறந்தது. பிரிஞ்சாங்கைத் தாண்டினால் கியா பார்ம். காய்கறிச் சந்தைக்குப் பேர் போன ஊர். பக்கத்திலேயே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். ஆக, தேநீரை வைத்தே பாடத்தைத் தொடங்கலாம்.

ஒரு கண்ணாடி கிளாஸில் தே ஓ ஊற்றி விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். பழுப்பு நிறமாக இருந்தாலும் தெளிவாக இருக்கும்; அந்தப் பக்கம் இருப்பது தெரியும். தூள் அதிகம் போட்டால் நிறம் கறுக்கும், வெளிச்சம் குறையும். அப்படியானால் வெளியே வரும் வெளிச்சத்தை அளந்தே தேநீர் எவ்வளவு 'ஸ்ட்ராங்' என்று சொல்லிவிடலாம். குடித்துப் பார்க்கவே தேவையில்லை.

இந்தக் கருத்து மூன்று பேர் கையால் வளர்ந்தது. பிரான்சின் பியேர் பூகே 1729இல், ஒளி ஒரு பொருளுக்குள் செல்லச் செல்ல ஒரே விகிதத்தில் குறைகிறது என்றார். அறிஞர் லாம்பர்ட் 1760இல் அதற்குக் கணித வடிவம் தந்தார். 1852இல் ஆகஸ்ட் பீர், கரைசலின் செறிவும் அதே மாதிரி வேலை செய்கிறது என்று காட்டினார். தேர்வில் 'பீர்–லாம்பர்ட் விதி' என்று வருவது இதுதான்:

ஒளியுறிஞ்சல் = பொருளின் உறிஞ்சுதிறன் × செறிவு × ஒளி கடக்கும் தூரம்

ஒளியுறிஞ்சல் என்பது, உள்ளே விழுந்த ஒளியை வெளியே வந்த ஒளியால் வகுத்து, அதற்குப் பத்தடி மடக்கை கண்டால் கிடைக்கும் எண். 100 பங்கு ஒளி உள்ளே போய் 10 பங்கு வெளியே வந்தால் ஒளியுறிஞ்சல் 1. ஒரு பங்கு மட்டும் வந்தால் 2.

இந்த விதிக்குள் ஓர் எழுதப்படாத நிபந்தனை இருக்கிறது. காணாமல் போன ஒளியை எல்லாம் நாம் தேடும் பொருளே உறிஞ்சியிருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல் எல்லாம் இங்கிருந்துதான்.

2. தோட்டத்துக்கு வந்த நிறக்குழாய்

1878இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் ஒரு சிறு கருவி செய்தார். ஒரு துளி இரத்தத்தைத் தண்ணீரில் கலந்து, ஒரு நிலையான சிவப்பு நிறத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது. 1900இல் பின்லாந்தின் டால்க்விஸ்ட் இன்னும் எளிமையாக்கினார்: ஒற்றுத்தாளில் ஒரு சொட்டு இரத்தம், பக்கத்தில் நிற அட்டை, அவ்வளவுதான். அடுத்து வந்தது சாலி முறை. இரத்தத்துடன் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் பழுப்பு நிறம் வரும். கண்ணாடித் துண்டின் பழுப்பு நிறத்துக்குச் சமமாகும் வரை தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, குழாயில் உள்ள கோட்டைப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் மற்ற நாடுகளிலும் சின்ன மருத்துவமனைகளின் மேசையில் நெடுங்காலம் இருந்தது இந்தச் சாலிக் குழாய்தான்.

மலாயாவில் இதற்கு ஏன் அவசரம்? கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900இல் அமைக்கப்பட்டது. 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் மலேரியாவுக்கு எதிரான வேலையைத் தொடங்கினார். 1915 முதல் 1917 வரை ராக்கஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய குழு, சாமுவேல் டார்லிங் தலைமையில் மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் அது உண்டாக்கும் இரத்தசோகையையும் ஆராய்ந்தது. கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். மலேரியாக் கிருமி சிவப்பணுக்களையே உடைக்கும். இரண்டுக்கும் முடிவு ஒன்று: ஈமோகுளோபின் குறைவு.

'சோம்பேறி' என்று பட்டம் வாங்கிய எத்தனையோ தொழிலாளியின் உண்மையான குறை இதுதான். அதைச் சொல்லக்கூடிய சாட்சி, அந்தக் குழாயில் தெரிந்த நிறம். அதனால்தான் நிறத்தைச் சரியாகப் படிப்பது ஆய்வுக்கூட நுணுக்கம் மட்டுமல்ல, நியாயமும்கூட.

3. சென்னையில் படித்தவர் தந்த நீலநிறம்

இங்கே நாம் பெருமைப்பட ஒரு செய்தி. எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் படித்து ஹார்வர்டு போனார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1925இல், இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க ஒரு நிறமுறையை வெளியிட்டார். மாலிப்டேட் சேர்த்து, ஒடுக்கினால் நீலநிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பரஸ் அவ்வளவு. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகம் முழுதும் பரவியது.

அந்த முறையில் ஒரு படியைக் கவனியுங்கள். இரத்தத்தை அப்படியே அளக்கவில்லை. முதலில் அமிலம் சேர்த்துப் புரதத்தைத் திரள வைத்து, வடிகட்டி, தெளிந்த நீரை எடுத்துத்தான் நிறம் வரவழைத்தார்கள். 1919இல் ஃபோலினும் வூவும் இரத்தச் சர்க்கரைக்குச் செய்ததும் இதே மாதிரிதான். வடிகட்டுவது சலிப்பான வேலை. ஆனால் புரதத்தோடு கொழுப்பும் வெளியேறிவிடும். கொழுப்பு ஒரு பிரச்சினை என்று யாரும் பெரிதாகப் பேசாததற்கு அந்தச் சலிப்பான படியும் ஒரு காரணம்.

4. இரத்தத்தில் பால்

கொழுப்பு எப்படி இரத்தத்துக்கு வருகிறது? 1622இல் இத்தாலியின் காஸ்பரோ அசெல்லி, நன்றாகச் சாப்பிட்டிருந்த ஒரு நாயின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது குடல் மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாகக் குழாய்களைக் கண்டார். குத்தினால் பால் போல் வழிந்தது. அதைத்தான் இன்று நீங்கள் உயிரியல் பாடத்தில் 'லாக்டீல்' என்று படிக்கிறீர்கள். பிரான்சின் ஷான் பெக்கே அடுத்த தலைமுறையில் அந்தப் பாதை மார்புக் குழாய் வழியாக இரத்தத்தில் சேர்வதைக் காட்டினார்.

சர்க்கரையும் அமினோ அமிலமும் கல்லீரல் வழியாகப் போகும். கொழுப்போ புரத உறை போட்ட சிறு உருண்டைகளாகி, லாக்டீலில் ஏறி, நேரே இரத்தத்தில் கலக்கும். அந்த உருண்டைக்குக் கைலோமைக்ரான் என்று பெயர். பெயர் வைத்தவர் அமெரிக்காவின் சைமன் கேஜ். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் மினுங்கும் துகள்களை அவர் இருள்புல நுண்ணோக்கியில் பார்த்தார்.

காலையில் சந்தான் ஊற்றிய நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு இரத்தம் கொடுத்தால், சில மணி நேரத்துக்கு இந்த உருண்டைகள் மிதந்துகொண்டிருக்கும். கட்டுப்படாத நீரிழிவு, அதிக மதுப்பழக்கம், சில பரம்பரைக் கோளாறுகள், சிரை வழியாகக் கொழுப்புக் கரைசல் ஏற்றுவது ஆகியவற்றால் பட்டினி இருந்தாலும் இரத்த நீர் பால் போலவே இருக்கும். இதை ஆய்வுக்கூடத்தில் 'லிப்பீமிக்' என்பார்கள்.

தேர்வு எழுதுகிறவர்கள் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்த நீரை வெள்ளையாக்குவது டிரைகிளிசரைடு நிறைந்த பெரிய துகள்கள். எல்.டி.எல். கொலஸ்ட்ரால் துகள் மிகச் சிறியது. அது எவ்வளவு கூடினாலும் இரத்த நீர் தெளிவாகவே இருக்கலாம். 'வெள்ளையாக இருந்தால் கொலஸ்ட்ரால்' என்பது தவறான விடை.

இன்னொரு பழைய உத்தி: கலங்கிய இரத்த நீரை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால், கைலோமைக்ரான் மேலே ஏடாகத் திரளும். வி.எல்.டி.எல். மட்டும் இருந்தால் ஏடு கட்டாது, முழுதும் கலங்கலாகவே நிற்கும்.

5. உறிஞ்சல் வேறு, சிதறல் வேறு

இப்போது தே ஓ-வில் கொஞ்சம் பால் ஊற்றுங்கள். கிளாஸின் அந்தப் பக்கம் தெரியாது. தேயிலைத்தூள் கூடவில்லை. ஆனாலும் வெளிச்சம் நேராக வெளியே வரவில்லை. எங்கே போனது? பால் அதை விழுங்கவில்லை, பக்கவாட்டில் சிதறடித்துவிட்டது. கேமரன் மலை மூடுபனியில் லாரி விளக்கு மங்கித் தெரிவதும் இதே காரணத்தால்தான். நீர்த்துளிகள் ஒளியைத் தின்பதில்லை, திசை திருப்புகின்றன.

சிதறலை 1869இல் ஜான் டின்டால் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். 1871இல் ரேலி கணக்கிட்டார்: ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில், சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அதாவது 680 நானோமீட்டர் ஒளியைவிட 340 நானோமீட்டர் ஒளி 16 மடங்கு அதிகம் சிதறும். கொழுப்பு உருண்டைகள் அவ்வளவு சிறியவை அல்ல என்பதால் சரியாக 16 வராது. ஆனால் குறுகிய அலைநீளத்தில் தொல்லை கூடும் என்பது மாறாது.

நம்மவர் பெயரும் இங்கே வரும். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், 1921இல் கப்பலில் நாடு திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். அது வானத்தின் பிரதிபலிப்பு என்று ரேலி சொல்லியிருந்தார். இல்லை, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று ராமன் காட்டினார். அந்தத் தேடல் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவில் முடிந்தது. கூட உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு. ராமனுக்குச் சிதறிய ஒளிதான் செய்தி. ஆய்வுக்கூட ஊழியருக்கு அதே சிதறல் தொல்லை.

6. வேகம் வந்தது, வடிகட்டல் போனது

1957இல் அமெரிக்காவின் லியோனார்ட் ஸ்கெக்ஸ், தானே இயங்கும் இரத்தப் பகுப்பாய்வுக் கருவியை அறிவித்தார். மாதிரிகள் காற்றுக்குமிழிகளால் பிரிக்கப்பட்டுக் குழாயில் வரிசையாக ஓடும். அதிலும் ஒரு மெல்லிய சவ்வு இருந்தது. சிறு மூலக்கூறுகள் மட்டும் கடந்து போகும். புரதமும் கொழுப்பு உருண்டையும் இந்தப் பக்கமே நின்றுவிடும். வடிகட்டித் தாளின் வேலையைச் சவ்வு செய்தது.

பின்னால் வந்த கருவிகள் இன்னும் வேகமானவை. சில மைக்ரோலிட்டர் இரத்த நீரை நேராக வேதிப்பொருளோடு கலந்து ஒளியைப் பாய்ச்சின. வடிகட்டலும் இல்லை, சவ்வும் இல்லை. மேலும், கல்லீரல் நொதிகள், யூரியா போன்ற பல சோதனைகள் 340 நானோமீட்டரில் படிக்கப்படுகின்றன. சிதறல் அதிகமாக இருக்கும் அதே இடத்தில்! பழைய முறையில் சத்தமில்லாமல் நீங்கிய கொழுப்பு, புதிய முறையில் அளவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

7. ஒரு கணக்கு: இரத்தசோகை மறைந்த கதை

சாலிக்குப் பிறகு உலகம் ஏற்றுக்கொண்டது சயன்மெதீமோகுளோபின் முறை. டிராப்கின் உருவாக்கிய கரைசலில் இரத்தத்தை 251 மடங்கு நீர்த்து, 540 நானோமீட்டரில் படிப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் குவளையில் ஒளியுறிஞ்சலை ஏறத்தாழ 36.8ஆல் பெருக்கினால் ஈமோகுளோபின் அளவு, டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று வரும்.

ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். உண்மை ஒளியுறிஞ்சல் 0.245. பெருக்கினால் 9 கிராம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 12 கிராம். ஆக, இவருக்கு இரத்தசோகை தெளிவாக உண்டு. இப்போது இரத்தத்தில் கொழுப்பு அதிகம், சிதறல் 0.080ஐக் கூட்டிவிட்டது என்போம். கருவி 0.325 என்று படிக்கும். பெருக்கினால் கிட்டத்தட்ட 12. "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குப் போங்க!"

கருவி பொய் சொல்லவில்லை. வராத ஒளியை எண்ணியது. ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது.

அனுபவமுள்ள ஊழியர் இதைப் பிடித்துவிடுவார். எப்படி? அதே இரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார். இதற்கு ஒளியுறிஞ்சல் தேவையில்லை, அளவுகோலால் படிக்கலாம். சாதாரணமாக இது ஈமோகுளோபினைப் போல மூன்று மடங்கு இருக்கும். இந்தப் பெண்ணுக்கு 27 விழுக்காடு. 9ஐ மூன்றால் பெருக்கினால் 27, பொருந்துகிறது. 12ஐப் பெருக்கினால் 36, பொருந்தவில்லை. இன்னும் ஒரு வழி: 12ஐ 27ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 44 வரும். சிவப்பணுவுக்குள் ஈமோகுளோபின் செறிவு சாதாரணமாக 32 முதல் 36 வரைதான். 44 என்பது ஓர் அணுவுக்குள் அடங்கவே அடங்காத அளவு. உடனே "மாதிரியைப் பார்க்கணும்" என்று குழாயை எடுப்பார். பார்த்தால் மேலே பால் நிறம்.

8. ஒளி மேல் பழி போடக்கூடாத இடம்

எல்லாத் தவறுக்கும் சிதறலே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். சோடியம் வேறு கதை. அந்தக் காலத்தில் அதைச் சுடர் ஒளிமானியால் அளந்தார்கள். அடுப்பில் உப்பு விழுந்தால் மஞ்சளாக எரிகிறதே, அதே 589 நானோமீட்டர் மஞ்சள்தான். சுடரில் கொழுப்பு எரிந்து போகும், சிதறல் இல்லை. ஆனாலும் சோடியம் குறைவாகவே வந்தது!

1955இல் மார்கரெட் ஆல்பிரிங்க்கும் உடன் பணியாற்றியவர்களும் காரணத்தை விளக்கினார்கள். இரத்த நீரில் ஏறக்குறைய 93 விழுக்காடு தண்ணீர். சோடியம் அந்தத் தண்ணீரில்தான் கரைந்திருக்கும். கொழுப்பு இடத்தைப் பிடித்துக்கொண்டால் தண்ணீர் குறையும். லிட்டருக்கு 140 மில்லிமோல் இருக்க வேண்டியவர், தண்ணீர் 84 விழுக்காடாகும்போது 126 என்று காட்டுவார். அவருடைய உடலுக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீரில் சோடியம் சரியாகவே இருக்கிறது. இதை நம்பி உப்புக் கரைசல் ஏற்றினால்தான் ஆபத்து. மாதிரியை நீர்த்து அளக்கும் இன்றைய அயனி மின்முனைக் கருவிகளிலும் இதே தவறு வரும். நீர்க்காமல் நேரடியாக அளப்பவற்றில் வராது.

9. இன்று என்ன செய்கிறார்கள்?

புதிய கருவிகள் ஒவ்வொரு மாதிரியின் கலங்கலையும் முதலில் படித்து ஓர் எண் தருகின்றன. எல்லை மீறினால் எச்சரிக்கும். இரண்டு அலைநீளங்களில் படித்துக் கழிப்பது ஒரு வழி. அதிவேகமாகச் சுழற்றிக் கொழுப்பை மேலே ஒதுக்குவது இன்னொன்று. ஈமோகுளோபினுக்கு, பால் போன்ற இரத்த நீரை எடுத்துவிட்டு அதே அளவு உப்புக் கரைசலை ஊற்றி மறுபடி அளக்கலாம். பழைய வடிகட்டலே வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது ஏறக்குறைய 31 விழுக்காடு. நீரிழிவு கட்டுப்படாவிட்டால் டிரைகிளிசரைடு ஏறும், இரத்தம் கலங்கும். மருத்துவர் "8 முதல் 12 மணி நேரம் சாப்பிடாம வாங்க" என்றால் அது வெறும் சடங்கு அல்ல. தண்ணீர் குடிக்கலாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் பட்டினி இருப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "இரத்தம் சரியில்ல, மறுபடி வாங்க" என்று கிளினிக்கில் திருப்பி அனுப்பினால் கோபம் வரும்தான். அரைநாள் கூலி போகும். ஆனால் பால் கலந்த இரத்தத்தில் தவறான எண்ணை எழுதிக் கொடுப்பதைவிட அது மேல். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

இரண்டு கண்ணாடி கிளாஸ், தண்ணீர், பால், தே ஓ, கைப்பேசி விளக்கு போதும். வகுப்பறையை இருட்டாக்குங்கள்.

அ) முதல் கிளாஸில் தண்ணீருடன் தே ஓ-வைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். விளக்கொளி மங்குவதைக் காணலாம். பக்கவாட்டில் பெரிதாக ஒளி தெரியாது. இது உறிஞ்சல்.

ஆ) இரண்டாம் கிளாஸில் பாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும். நேராகப் பார்த்தால் விளக்கு செம்மஞ்சளாக மாறும். பக்கவாட்டில் இலேசான நீலம். இது சிதறல். நீலம் ஏன் பக்கவாட்டில் தெரிகிறது என்று மாணவர்களே ரேலியின் விதியைக் கொண்டு விளக்கட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. விழுந்த ஒளி 100, வெளிவந்த ஒளி 50 எனில் ஒளியுறிஞ்சல் என்ன? (விடை: 0.301)

2. ஒரு மாதிரியில் ஈமோகுளோபின் 14, சிவப்பணு விழுக்காடு 33. இந்த முடிவை நம்பலாமா? கணக்கிட்டுக் காரணம் கூறுக. (குறிப்பு: 14ஐ 33ஆல் வகுத்து நூறால் பெருக்கவும்.)

3. கொழுப்பு மிகுந்த இரத்தத்தில் ஈமோகுளோபின் கூடியும் சோடியம் குறைந்தும் காட்டுவது ஏன்? இரண்டுக்கும் உள்ள காரண வேறுபாட்டை எழுதுக.

4. மலாயாத் தோட்டத் தொழிலாளர்களிடையே இரத்தசோகைக்கு வழிவகுத்த இரண்டு காரணங்களை விளக்குக.

மூன்றாம் வினாவில்தான் பல மாணவர்கள் தடுமாறுவார்கள். ஒன்றில் ஒளி வழிமாறுகிறது, மற்றதில் தண்ணீர் இடம் இழக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை அவர்களே சொல்லும் வரை விடாதீர்கள்.